வாசகர் கேள்விகள்: பனிக்கரடியும் நம்ம ஆவுளியா என்கிற கடல்பசுவும்

தொண்டி வாசகர்: அண்ணே, பனிக்கரடியைக் காப்பாற்ற அமெரிக்காவில் அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறதாம். ஐஸ் உருகுது, உலகம் அழியப்போகுதுன்னு ஒரே பயமுறுத்தல். ஆனால் கரடி எண்ணிக்கை முன்னைவிடக் கூடியிருக்காமே? இதெல்லாம் வெட்டி வேலைதானே?

வெட்டி வேலை இல்லை தம்பி. கூடியது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு காலத்தில் கண்டபடி சுட்டுத் தள்ளினார்கள். 1973-ல் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நார்வே, சோவியத் யூனியன் ஐந்தும் ஒப்பந்தம் போட்டு வேட்டைக்குக் கடிவாளம் போட்டபிறகு பல இடங்களில் தேறி வந்தது. இன்று உலகம் முழுக்கச் சுமார் 26,000 இருக்கலாம் என்பது கணக்கு. அப்படியானால் சட்டம் வேலை செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் இப்போது ஆபத்து துப்பாக்கியால் இல்லை. தண்ணீருக்குள் துரத்திப்போய் சீல் என்கிற கடல் விலங்கைப் பிடிக்கக் கரடியால் முடியாது, உறைந்த கடல்மேல் காத்துக் கிடந்து அது மூச்சுவிடத் தலைதூக்கும்போதுதான் அடிக்கும், அந்தப் பனி சீக்கிரம் உடைந்து லேட்டாக உறைந்தால் இடைப்பட்ட நாளெல்லாம் கரடிக்குப் பட்டினிதான். அதனால்தான் 2008-ல் அமெரிக்கா அதை ஆபத்திலுள்ள உயிரினமாக அறிவித்தது. எனக்குக் கோபம் வருவது அடுத்த சங்கதியில். அறிவித்த கையோடு, இந்தச் சட்டத்தை வைத்துப் புகைவிடும் ஆலைகளைத் தடுக்க முடியாதபடி தனி விதியும் எழுதிக்கொண்டார்கள். கரடியைத் தொட்டால் தண்டனை, அதன் காலடிப் பனியை உருக்கினால் கேள்வி இல்லை.

நம்ம தென்கடலிலும் இதைத்தான் பார்க்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நல்ல காரியம்தான், பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதை எந்த ரோந்துப் படகு தடுக்கும்? 2016 கோடையில் மண்டபம் பக்கம் நாட்டுப்படகில் போய் எட்டிப் பார்த்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளம், பழுப்பும் பச்சையுமாக இருக்கவேண்டியது, நுனியிலிருந்து அடிவரை சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. இடுக்கில் ஒரு மீன்குஞ்சு இல்லை. 2010-லும் இப்படித்தான் வெளுத்தது. பவளம் செத்தால் மீனுக்கு வீடு போச்சு, அப்புறம் நமக்கு என்ன மிஞ்சும்? பயமுறுத்தல் என்று சொல்லாதீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பாம்பன் வாசகி: அம்மா பாசி எடுக்கப் போகிறார். தீவுப் பக்கம் போனாலே குற்றவாளி மாதிரி நடத்துகிறார்களே, நியாயமா?

நியாயமில்லை அம்மா. விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்குகிற பெண்கள் அவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். கடலைச் சூடாக்கியவர்கள் அவர்கள் இல்லை. அவர்களை உட்காரவைத்துப் பேசி விதி எழுதினால் தீவும் பிழைக்கும், வயிறும் பிழைக்கும்.

தேவிபட்டினம் வாசகர்: வலையில் ஆவுளியா மாட்டினால் என்ன செய்யணும்? வலை போனால் நஷ்டம் யாருக்கு?

முதலில் தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள். அது மீன் இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட்டே ஆகணும். வலையை அறுத்து விட்டுவிடுங்கள். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் பல வருஷத்துக்கு ஒருமுறை. ஒன்று போனால் ஈடுகட்டுவது கஷ்டம். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது இதற்காகத்தான். உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை பணம் கொடுத்திருக்கிறது. செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு கரைக்கு வந்ததும் தகவல் சொல்லுங்கள்.