சோலார் தோட்ட விளக்கு சீக்கிரமே அணைந்துவிடுகிறதா?

ஓராண்டுக்கு முன் நட்ட சோலார் தோட்ட விளக்குகள் இப்போது இரவு எட்டு மணிக்கே அணைந்துவிடுவதாகவும், புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் புதிதாக வாங்கத் தேவையிருக்காது.

கிருஷ்ணகிரிக்கு அருகே எங்கள் வீட்டு மாஞ்செடிகளின் ஓரத்தில் பத்து விளக்குகள் இருக்கின்றன. அவற்றுள் ஆறு மங்கியபோது நானும் பேட்டரியைத்தான் சந்தேகித்தேன். ஆனால் புதுப் பேட்டரி போட்ட மூன்றாம் நாளே பழைய கதைதான். பிறகுதான் விளக்கின் தலையில் வெயிலை மின்சாரமாக்கும் தகடான பேனலைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். செடிகளுக்குக் குழாயில் போர் தண்ணீர் அடிக்கும்போது தெறித்த துளிகளெல்லாம் காய்ந்து, வட்ட வட்டமாக வெள்ளை உப்புக்கறையாகப் படிந்திருந்தன. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் உப்பை வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலேயே பார்க்கலாம் என்றாலும், விளக்கின் மேல் அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஈரத்துணிக்கு அசையாத அந்தக் கறை, எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் மேலே போட்டுவைத்துக் கழுவியதும் விட்டது. பாத்திரம் தேய்க்கும் நாரைப் பயன்படுத்த வேண்டாம்; கீறல் விழுந்தால் பேனலுக்குள் போகும் வெளிச்சம் குறைந்துவிடும்.

துடைத்தும் சரியாகாவிட்டால் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். சிறிய விளக்குகள் பலவற்றில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அதன் கொள்ளளவு குறைவது இயல்பு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி அளவில் கச்சிதமாகப் பொருந்தும் என்பதாலேயே பலர் அதைப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் அது மறுபடி சார்ஜ் ஏற்றுவதற்கானது அன்று, கசிந்து விளக்கையே கெடுத்துவிடும். சில விளக்குகளில் 3.2 அல்லது 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றக் கூடாது என்பதால், பழைய பேட்டரியில் அச்சிட்டிருப்பதைப் படித்து அதே வகையையே வாங்குங்கள். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண் 600 இருந்த இடத்தில் 2000 போட்டால் இரவு முழுவதும் எரியும் என்ற கணக்கும் தவறு, ஏனெனில் சிறிய பேனல் ஒரு பகலில் தருவதைத்தானே அதில் சேமிக்க முடியும்? ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள்.

விளக்கு எரியவே இல்லையென்றால், சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேனலை உள்ளங்கையால் மூடுங்கள். உடனே எரிந்தால் விளக்கில் கோளாறு இல்லை; தெருவிளக்கின் வெளிச்சத்தைப் பகல் என்று நினைத்துக்கொள்கிறது, இடத்தை மாற்றினால் போதும். மார்கழியில் மட்டும் மங்கினால், சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அந்த நாட்களில் தென்புற மதில் நிழல் பேனல் மேல் விழுகிறதா என்று நண்பகலில் ஒருமுறை பாருங்கள்.

பேனல் மேல் பூச்சு வெயிலில் பழுத்து மஞ்சளாகிவிட்டால் மட்டும் எலுமிச்சை உதவாது. என்னுடைய ஆறில் இரண்டு அப்படிப் போனவை; அவற்றின் பேட்டரிகள் இப்போது வாசல் படியோரத்து விளக்குகளில் இருக்கின்றன.