எலிக்குக் கறுத்த முடி நமக்கும் கறுக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. காதோரத்திலும் வகிட்டிலும் நரை எட்டிப்பார்க்கிறது. மெடிக்கலில் கேட்டதற்கு கால்சியம் பான்டோதெனேட் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பி5 வைட்டமினாம், மூன்று மாதத்தில் கறுத்துவிடும் என்கிறார்கள். நாங்கள் சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. கொடுக்கலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை அம்மா, ஆனால் கறுக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த பி5 நம்பிக்கை எலியிடமிருந்து வந்தது. 1930களின் கடைசியிலும் 40களின் தொடக்கத்திலும் ஆய்வுக்கூடங்களில் கறுப்பு எலிகளுக்கு பான்டோதெனிக் அமிலம், அதாவது இந்த பி5, இல்லாத தீனியைப் போட்டுப் பார்த்தார்கள். ரோமம் சாம்பல் நிறமானது, திரும்பக் கொடுத்ததும் பல எலிகளுக்குக் கறுத்தது. உடனே நரையைப் போக்கும் வைட்டமின் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது எலிக்கு நடந்தது போல நடக்கவில்லை, ஏனென்றால் நமக்கு அது குறைவதே அபூர்வம். பருப்பு, பால், வேர்க்கடலை, காளான், தீட்டாத அரிசி என்று எதைத் தொட்டாலும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு நாள் தேவையோ சுமார் 5 மில்லிகிராம்தான். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த போர்க்கைதிகளுக்கு இந்தக் குறை வந்ததாகச் சொல்வார்கள். அவர்களும் பாதம் எரிகிறது என்றுதான் தவித்தார்கள். தோல் டாக்டர்கள் இன்றும் இந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பது உண்டு, அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் ஆதாரம் மெலிந்தது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தச் சைவம்தான். பார்க்க வேண்டியது பி5 அல்ல, பி12. அது செடிகொடியில் கிடையாது, நுண்ணுயிர்கள் உண்டாக்குவது, நமக்கு மீன், கறி, முட்டை, பால் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். கறிவேப்பிலையை எவ்வளவு அரைத்துக் குடித்தாலும் பி12 ஏறாது. சுருள்பாசி மாத்திரை டப்பாவில் போட்டிருப்பார்கள், அதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 1 மைக்ரோகிராம் இருக்கும், பெரியவர்களுக்கு நாளுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். உங்கள் மகள் காலையில் ஒரு காபியோடு ஓடிவிட்டு, தயிரும் குண்டு போடும் என்று ஒதுக்குகிற பெண்ணாக இருந்தால் கணக்கு உதைக்கிறது, இல்லையா?

அவள் கையை வாங்கி விரல் கணுக்களைப் பாருங்கள். முன்பு இல்லாத கறுப்பு அங்கே படர்ந்திருக்கிறதா, நாக்கு வழவழவென்று சிவந்து எரிகிறதா, கால் விரல்கள் மரத்துப்போகின்றனவா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா? தோல் கறுத்து முடி வெளுப்பது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் பி12 குறைந்தால் இரண்டும் சேர்ந்தே வரலாம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் சொல்வார். ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தசோகை சரியானது போலக் காட்டிவிட்டு உள்ளே நரம்புச் சேதம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். பி12 ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போதே தைராய்டையும் இரும்புச்சத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

குறை சரியான பிறகு நரை திரும்பக் கறுத்தவர்கள் உண்டு, எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. அதுவும் வெளியே வந்துவிட்ட வெள்ளை முடி கறுக்காது, அது செத்த இழை. வேரிலிருந்து புதிதாக வருவதுதான் கறுப்பாக வர வேண்டும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பொறுமை வேண்டும். எல்லா அளவும் சரியாக இருந்து, அவள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இருபதுகளிலேயே நரைத்திருந்தால் அது பரம்பரை. நம் ஊரில் 25 வயதுக்கு முன் நரைத்தால் இளநரை என்று கணக்கு. பரம்பரை இளநரைக்கு வைட்டமின் வேலை செய்யாது, மருதாணியோ சாயமோ அவள் இஷ்டம், ஒன்றும் போடாமல் விட்டாலும் சரி.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரையை தினமும் போடுகிறேன். போன வாரம் தைராய்டு டெஸ்டில் டிஎஸ்எச் ரொம்பக் குறைவு, டி4 அதிகம் என்று வந்திருக்கிறது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. பயமாக இருக்கிறது.
- வாசகர், கோவை

பதில்: பயப்படாதீர்கள், முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். பயோட்டினும் பி குடும்பம்தான், பி7. தைராய்டு டெஸ்டுக்குப் பல லேப் மெஷின்கள் பயோட்டினையே பசை மாதிரி பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் மெஷின் குழம்பி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும், நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக அந்தக் குழப்பம்தான் போலிருக்கிறது. குறைந்தது இரண்டு நாள் விட்டு மறுபடி எடுங்கள், டாக்டரிடமும் லேபிலும் பயோட்டின் போட்டதைச் சொல்லுங்கள். அதுவரை தைராய்டுக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டாம். இதைவிடப் பயங்கரம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் இது குறைத்துக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரித்தது. நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்கிற இடத்தில் பத்தாயிரம் எதற்கு? பயோட்டின் குறையே இல்லாதவருக்கு அது கூடுதலாக முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. ஏன் கொட்டுகிறது என்று பாருங்கள், மூன்று மாதம் முன்பு டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா?

கேள்வி: ஜிம்மில் பச்சை முட்டை வெள்ளைக்கரு குடித்தால் உடம்பும் ஏறும், முடியும் அடர்த்தியாகும் என்கிறார்களே?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தலைகீழ் தம்பி. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம், அது பயோட்டினைக் கெட்டியாகப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். மாதக்கணக்கில் குடித்து முடி கொட்டி, தோல் உரிந்து வந்தவர்கள் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறார்கள். வேக வைத்தால் அவிடின் செயலிழந்துவிடும், எனவே அவித்து மஞ்சள் கருவோடு சாப்பிடுங்கள், பயோட்டின் இருப்பதே அதில்தான். தலையில் தேய்க்கிற ஆசை இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், அலசுவது மட்டும் பச்சைத் தண்ணீரில், வெந்நீர் ஊற்றினால் முட்டை தலையிலேயே வெந்துவிடும்.