எத்தனை வாட் ஜெனரேட்டர் வாங்கலாம்? – மோட்டார்ஹோம் வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஜெனரேட்டர் பத்தித்தான் இருந்துச்சு, அதனால இந்த தடவை பகுதி முழுக்க அதுக்கே விட்டாச்சு. கரண்ட் கனெக்‌ஷனே இல்லாத இடத்துல மோட்டார்ஹோம, அதாவது உள்ளேயே தங்கற வசதி இருக்கற வண்டிய, நிறுத்தி நாலு நாள் தங்கறவங்களுக்கான பதில்கள் இது.

கேள்வி: வணக்கம் சார். புதுசா மோட்டார்ஹோம் எடுத்திருக்கோம். கூரையில 13,500 பிடியூ (குளிரூட்டற திறனோட அளவு) ஏசி, மைக்ரோவேவ், காபி மெஷின், டிவி, பேட்டரி சார்ஜர் எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா 5,000 வாட் கிட்ட வருது. கடையில 5,500 வாட் ஜெனரேட்டர் எடுக்கச் சொல்றாங்க. எடுத்துடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. இருக்கற சாமான் எல்லாத்தையும் கூட்டினா அப்படித்தான் வரும், ஆனா அதெல்லாம் ஒரே நேரத்துல ஓடப் போறதில்லையே. மைக்ரோவேவ் ஓடற அஞ்சு நிமிஷம் ஏசிய நிறுத்தி வெச்சா ஒண்ணும் ஆயிடாது. ஒரே சமயத்துல கண்டிப்பா ஓடியே ஆகணும்ங்கறது எதெல்லாம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, முக்கால்வாசி பேருக்கு அது ரெண்டே ஐட்டத்துல முடிஞ்சிடும்.

அடுத்து பெட்டி மேல போட்டிருக்கற நம்பர். அதுல ரெண்டு விதம் உண்டு. மேக்ஸிமம்னு பெருசா போட்டிருக்கறது சில நொடி மட்டும் தாங்கற அளவு, ரேட்டட்னு சின்ன எழுத்துல இருக்கறதுதான் மணிக்கணக்கா தர்ற அளவு. ஹோண்டா இயூ 2200ஐ பேருலயே 2200 இருக்கு, ஆனா தொடர்ந்து கொடுக்கறது 1,800 வாட்தான். எந்த கம்பெனியா இருந்தாலும் ரேட்டட் நம்பரக் கேட்டு வாங்கிக்கோங்க. உங்க சாமான் பக்கமும் இதே கதைதான், 1,000 வாட் மைக்ரோவேவ்னு சொல்றது சாப்பாட்டுக்குள்ள போற சக்தி, பிளக்ல அது இழுக்கறது 1,500 வாட் பக்கம் வந்துடும்.

உங்க லிஸ்ட்ல உண்மையான வில்லங்கம் ஏசி மட்டும்தான். ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் சுமார் 1,500 வாட்ல சாதுவா இருக்கும், ஆனா கம்ப்ரஸர் கிளம்பற அந்த ஒரு நொடிக்கு ரெண்டு மூணு மடங்கு இழுக்கும், அந்த நொடியிலதான் சின்ன ஜெனரேட்டர் ஓவர்லோட் லைட்ட போட்டுட்டு கைய விரிச்சிடும். இதுக்காக 5,500 வாட் மெஷின் வாங்கறத விட ஏசி உள்ள சாஃப்ட் ஸ்டார்ட்டர்னு ஒரு சின்ன பெட்டிய வெக்கச் சொல்லுங்க, கிளம்பற நேரத்து இழுப்ப பாதிக்கு மேல குறைச்சிடும். அதுக்கப்புறம் 2,200 கிளாஸ் மெஷின் ஒண்ணே அந்த ஏசிய ஓட்டிடும், ஆனா மிச்சம் ஒண்ணும் இருக்காது, சார்ஜர ஆஃப் பண்ணி வெச்சிருக்கணும். அதுக்கு மேலயும் வேணும்னா ஒரே மாதிரி ரெண்டு சின்ன மெஷின் வாங்கி பேரலல் கேபிள் போட்டு சேர்த்துக்கலாம், ஏசி தேவையில்லாத நாள்ல ஒண்ண மட்டும் இறக்கினா போதும். 20 கிலோ மெஷின ஒரு கையால தூக்கி வெச்சிடலாம், 5,500 வாட்டு ஐட்டத்த இறக்க ரெண்டு ஆள் வேணும், அதுக்கு சலிச்சுக்கிட்டே பாதி நேரம் இறக்காமலே விட்டுடுவீங்க.

கேள்வி: இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், சாதா ஜெனரேட்டர், விலையில இவ்வளவு வித்தியாசம் இருக்கே, அந்த அளவுக்கு மதிப்பு இருக்கா?

பதில்: மோட்டார்ஹோமுக்கு இருக்கு, சந்தேகமே வேண்டாம். சாதா மெஷின்ல இன்ஜின் சுத்தற வேகம்தான் கரண்டோட ஹெர்ட்ஸ முடிவு பண்ணுது. வழக்கமான சின்ன மெஷின்ல 50 ஹெர்ட்ஸ் வேணும்னா நிமிஷத்துக்கு 3,000 சுத்து, 60 ஹெர்ட்ஸ்னா 3,600 சுத்து, நீங்க ஒரே ஒரு போன் சார்ஜர் மாட்டியிருந்தாலும் அதே வேகத்துல கத்திக்கிட்டேதான் இருக்கும். இன்வெர்ட்டர் மெஷின் கரண்ட முதல்ல டிசியா மாத்தி, அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் வழியா வீட்டுக்கு வர்ற மாதிரி சுத்தமான ஏசி கரண்டா மாத்தித் தருது, அதனால லோடு கம்மியா இருந்தா இன்ஜின் தானா மெதுவா ஓடிக்கும், பெட்ரோலும் மிச்சம், காதுக்கும் நிம்மதி, லேப்டாப்புக்கும் பயமில்ல.

சத்தம்னு வரும்போது கேட்லாக்ல 58 டெசிபல்னு போட்டிருந்தா எவ்வளவு தூரத்துல, எவ்வளவு லோடுல எடுத்த அளவுன்னு பாருங்க. பெரும்பாலும் 7 மீட்டர் தள்ளி, கால்வாசி லோடுல எடுத்திருப்பாங்க, அது ஃபுல் லோடுல ஓடற சத்தம் கிடையாது. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபல் குறையும், அதனால நீளமான நல்ல கேபிள் ஒண்ணு இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். 15 மீட்டர் கேபிள்னா கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும், மெல்லிசு போட்டா கேபிளே சூடாகி வோல்டேஜ் இறங்கும், ஏசி கிளம்பாம முனகும்.

கேள்வி: அண்ணா, எங்க வண்டியில 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, ஏசி கிடையாது. 2,000 வாட் ஜெனரேட்டர் வெச்சிருக்கேன். மூணு மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரி பாதி கூட ஏற மாட்டேங்குது. ஜெனரேட்டர் போச்சா?

பதில்: தம்பி, ஜெனரேட்டர் நல்லாத்தான் இருக்கு, நீங்க சார்ஜரப் பாருங்க. இந்த மாசம் வந்ததுலயே எல்லாரும் படிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

உங்க பேட்டரி 12 வோல்ட்னா முழுசா சுமார் 2.5 யூனிட் பிடிக்கும். பாதி காலின்னா 1.3 யூனிட் திரும்ப ஏத்தணும். வண்டியோட வந்த சார்ஜர் பல வண்டியில 20 ஆம்பியர்தான் இருக்கும், அது பேட்டரிக்குள்ள தள்ளறது 270 வாட். 2,000 வாட் தர்ற மெஷின் 270 வாட்டுக்கு உக்காந்து பெட்ரோல் குடிச்சிக்கிட்டு இருக்கு, அஞ்சு மணி நேரம் ஓட்டினாத்தான் அந்த பாதி ஏறும். அதே இடத்துல 60 ஆம்பியர் சார்ஜர் போட்டா 800 வாட் போகும், ஒன்றரை மணி நேரத்துல வேல முடிஞ்சுது. பேட்டரி அவ்வளவு ஆம்பியர ஏத்துக்குமான்னு அதோட லேபிள்ல பார்த்துக்கோங்க, லித்தியம்னா பெரும்பாலும் ஏத்துக்கும். பெரிய ஜெனரேட்டருக்கு செலவு பண்ண நினைக்கற காச நல்ல சார்ஜருக்கு போடுங்கன்னு நான் கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான்.

ஒரே ஒரு விஷயம், 60 ஆம்பியர் சார்ஜர் வாங்கும்போது பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் உள்ளதா கேளுங்க, சார்ஜர் கரண்ட சீரா இழுக்க வைக்கற ஏற்பாடு அது. அது இல்லாத மலிவு சார்ஜர் 950 வாட் வேலைக்கு ஜெனரேட்டர்கிட்ட 1,300 வோல்ட் ஆம்பியருக்கு (ஜெனரேட்டர் மேல விழற மொத்த சுமையோட அளவு) மேல கேக்கும், உங்க 2,000 தாங்கிடும், 1,000 வாட் மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு ஓவர்லோட் அடிக்கும்.

ஜெனரேட்டர் முகப்புல 12 வோல்ட் டிசின்னு ஒரு சாக்கெட் இருக்கும், அதுல நேரா பேட்டரிய மாட்டினா வேகமா ஏறும்னு நிறைய பேர் நம்பறாங்க. அது வழக்கமா 8 ஆம்பியர், 100 வாட் கூட கிடையாது. அந்தப் பக்கமே போகாதீங்க.

லெட் ஆசிட், இல்லாட்டி ஏஜிஎம் (அதுலயே ஆசிட் சிந்தாத வகை) பேட்டரி வெச்சிருக்கறவங்களுக்கு கணக்கு வேற. அது 80 சதவீதம் வரைக்கும் வேகமா ஏறும், மிச்ச 20க்கு மணிக்கணக்கா இழுக்கும். அதனால காலையில எழுந்ததும் ஜெனரேட்டரப் போட்டு 80 வரைக்கும் ஏத்திட்டு நிறுத்திடுங்க, மிச்சத்த கூரையில இருக்கற சோலார் பேனல் பகல் முழுக்க நிதானமா பார்த்துக்கும். சாயங்காலம் ஜெனரேட்டர், காலையில சோலார்னு தலைகீழா பண்ணினா ரெண்டுமே வீண்.

கேள்வி: பெட்ரோலா, கேஸா, டீசலா?

பதில்: தனியா தூக்கி இறக்கற மெஷின்னா பெட்ரோல், இல்லாட்டி பெட்ரோல்-கேஸ் ரெண்டுலயும் ஓடறது. கேஸ்ல சுமார் 10 சதவீதம் பவர் குறையும், ஆனா கார்புரேட்டர் அடைப்பு தொல்லை கிடையாது, வண்டிக்குள்ள பெட்ரோல் கேன் வெக்க வேண்டியதும் இல்ல. குளிர் பிரதேசத்துல தங்கறவங்க புரொப்பேன் சிலிண்டரா பாருங்க, பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்துல போனாலே ஆவியாக மறுக்கும். டீசல் பெரிய வண்டியில உள்ளேயே பொருத்தி வர்றதுக்குத்தான் லாயக்கு, அதுல பல வண்டிகள்ல ஒரு நல்ல ஏற்பாடு இருக்கும், டேங்க்ல கால்வாசி இருக்கும்போதே ஜெனரேட்டருக்கு டீசல் நின்னுடும், ஊர் திரும்ப வண்டிக்கு மிச்சம் இருக்கும்.

மலைக்கு போறவங்க கவனிங்க, 300 மீட்டர் ஏறினா சுமார் 3.5 சதவீதம் பவர் போகும். 2,000 மீட்டர்ல 1,800 வாட் மெஷின் 1,400க்கு மேல தராது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி ஏசி போட்டுத் தூங்கணும்னு ஜெனரேட்டர வண்டிக்கு அடியிலயே வெச்சு ஓட்டலாம்ங்கறார், மழைத்தண்ணியும் படாதாம். எனக்கு பயமா இருக்கு. புகை வாசனை வந்தா தெரிஞ்சிடாதா?

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானது, வெக்கவே கூடாதுன்னு அவர்கிட்ட உறுதியா சொல்லுங்க. இந்த பதில அவருக்கு அப்படியே காட்டுங்க. இன்ஜின் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்ஸிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா அது ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின பிடிச்சுக்கும். முழிச்சிருந்தா தலைவலி, தலைசுத்தல், குமட்டல்னு தெரியும், அதையும் சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நினைச்சுப்போம். தூங்கறவங்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. வண்டி அடியில வெச்சா தரை ஓட்டை, வயர் போற துளை, ஜன்னல் இடுக்கு எல்லா வழியாவும் உள்ள வரும்.

குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி வைங்க, காத்து வண்டிய விட்டு விலகி அடிக்கற பக்கமா, சைலன்சர் வாய் வண்டிக்கு எதிர்த் திசையில இருக்கணும். பக்கத்து வண்டிக்காரங்க ஜன்னலையும் பாருங்க. வண்டிக்குள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, பழசா இருந்தா மாத்துங்க. அலாரம் இருக்கேன்னு ராத்திரி முழுக்க ஓட்டாதீங்க, காத்து எப்ப திசை மாறும்னு தூங்கும்போது யாருக்கும் தெரியாது. வண்டியில ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலை வலிச்சு, வெளிய வந்ததும் தேவலாம்னு தோணினா மறுபடி உள்ள போகாதீங்க, மெஷின நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: ஜெனரேட்டர மாட்டினதும் வண்டியில இருக்கற பவர் மானிட்டர் எர்த் இல்லைன்னு காட்டி கரண்ட கட் பண்ணிடுது.

பதில்: சின்ன இன்வெர்ட்டர் மெஷின் பலதுல நியூட்ரல் எர்த்தோட சேர்ந்திருக்காது, மானிட்டர் அதத்தான் சொல்லுது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டின பாண்டிங் பிளக்னு ஒண்ணு ஜெனரேட்டரோட இன்னொரு சாக்கெட்ல செருகினா சரியாகும். உங்க மெஷினுக்கு அது ஒத்து வருமான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, அந்த பிளக்க கேம்ப் கிரவுண்ட் மெயின் கரண்ட்ல மட்டும் எப்பவும் செருகிடக் கூடாது.

கேள்வி: ஆறு மாசம் சும்மா வெச்சிருந்த ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகுது, ஆனா சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருது. சோக்க பாதி இழுத்து வெச்சா ஒழுங்கா ஓடுது.

பதில்: நீங்களே வியாதிய கண்டுபிடிச்சிட்டீங்க. சோக் பாதி இழுத்தா காத்து குறையுது, பெட்ரோல் விகிதம் கூடுது, அதுல ஒழுங்கா ஓடுதுன்னா வழக்கமா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், கார்புரேட்டர் ஜெட்டுல பழைய பெட்ரோல் காய்ஞ்சு பிசினாட்டம் அடைச்சிருக்கும். அந்த துளை ஊசி முனை அளவுதான், கம்பி விட்டு குத்தாதீங்க, துளை பெருசாயிட்டா அளவே போச்சு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு காத்து ஊதுங்க. இனிமே ஒரு மாசத்துக்கு மேல தொட மாட்டோம்னா பெட்ரோல் வால்வ மூடிட்டு மெஷின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க, கார்புரேட்டர் கிண்ணம் காலியாயிடும். புது மெஷின்னா முதல் ஆயில் பலதுல 20 மணி நேரத்துலயே மாத்தச் சொல்லியிருப்பாங்க, அப்புறம் 100 மணிக்கு ஒரு தடவை. பிடிக்கறதே அரை லிட்டர் பக்கம்தான், கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மெஷின சரிவுல வெச்சாலும் ஆயில் சென்சார் நிறுத்திடும், ஆயில் இருந்தும் நின்னா முதல்ல தரையப் பாருங்க.