அவுட்டரில் நிற்கும் வண்டிக்கு ஒரு வழி

மேல்மருவத்தூரிலிருந்து தினமும் எழும்பூர் வருகிறீர்கள். சேத்துப்பட்டு தாண்டியதும் வண்டி அவுட்டரில், அதாவது ஸ்டேஷனுக்குள் நுழையுமுன் சிக்னலுக்காக வெளியே, நின்றுவிடுகிறது, அண்ணா சாலை அலுவலகத்தில் லேட் மார்க் விழுகிறது என்கிறீர்கள். கொடுமைதான். எழும்பூரில் சுமார் 735 கோடி ரூபாய் மறுசீரமைப்பு, அதுவும் ஸ்டேஷனை மூடாமலேயே நடக்கிறது. ஒரு நடைமேடையை வேலைக்கு எடுத்தால், மற்றதில் நிற்கும் வண்டி கிளம்பும்வரை பின்னால் வருவது காத்திருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் ஏன் எழும்பூர் வரை வருகிறீர்கள்? தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து புறநகர் மின்சார ரயிலுக்குத் தனித் தண்டவாளம், எக்ஸ்பிரஸ் நெரிசல் அதை அவ்வளவாகத் தொடாது. உங்கள் சீசன் டிக்கெட்டே செல்லும். கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. நீல வழித்தடத்தில் அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. ஸ்டேஷனுக்கு நேராகப் போகலாம். மெட்ரோ காசு தனி, அது கொஞ்சம் கடிக்கும். தாம்பரத்தில் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும் என்பதால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டி எதுவென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாயங்காலம் கிளம்புமுன் வண்டி நிலவரம் சொல்லும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியைப் பாருங்கள். வேலை நடக்கும்போது சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்தே எடுப்பார்கள். எழும்பூர் போய் நின்றால் வீண் அலைச்சல்.