ராலே ட்வென்டிக்கு டிராப் பார் போடலாமா?

நண்பரே, எழுபதுகளில் வந்த ராலே ட்வென்டி என்ற சின்னச் சக்கர சைக்கிளுக்கு டிராப் பாரும் (கீழே வளைந்த ரேஸ் ஹேண்டில்பார்) ஒல்லியான ரேஸ் சீட்டும் போட்டால் மணிக்கட்டு வலி போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது, குனிந்து எடை கையில் இறங்குவதால் கூடத்தான் செய்யும். இதற்கு மோல்டன் என்ற இன்னொரு சின்னச் சக்கர சைக்கிள் போல அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது, 20 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் அப்படியே மேலே அனுப்பிவிடும், அதனால் நிமிர்ந்து உட்கார வைக்கும் நார்த் ரோடு பாரே போதும். ஒன்று, பின்னால் வளைந்த பார் என்பதால் முழுக்கத் திருப்பும்போது பிடி முட்டியில் இடிக்கிறதா என்று பாருங்கள், என் வண்டியில் இடித்தது, பாரை விரலளவு மேலே சாய்த்ததும் சரியாகிவிட்டது. பார் மாற்றினால் பிரேக் கேபிளும் ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் கேபிளும் எட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்தால் எடையில் பெரும்பகுதி சீட்டில்தான் இறங்கும், ஆகவே அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் வேண்டும். புரூக்ஸ் நிறுவனத்தின் பி67 தோல் சீட்டை வாங்குங்கள். அவர்களுடைய பி66 சீட்டுக்கு அடியில் இரட்டைக் கம்பி, அதற்கேற்ற கிளாம்ப் (சீட்டை இறுக்கும் பிடி) இல்லாமல் பொருந்தாது. தோல் என்பதால் முதல் சில வாரம் கல்லாக இருக்கும், பயந்து விற்றுவிடாதீர்கள்.