லைட் எரியுது, ஆனா அவளுக்குத் தெரியல!

கேள்வி: டாக்டர், என் தங்கச்சிக்கு 27 வயசு, லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்குற நோய்), கிட்னியும் பாதிச்சிருக்கு. போன மாசம் ரெண்டு நாளா தலைவலின்னு வலி மாத்திரை போட்டுட்டே இருந்தா, மூணாம் நாள் காலைல "ஏன்க்கா லைட்ட அணைச்சே"ன்னு கேட்டா, லைட் எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல ஃபிட்ஸ் வந்துருச்சு. பிரஷர் 210/120. எம்ஆர்ஐ எடுத்துட்டு 'பிரெஸ்', மூளைல வீக்கம்னாங்க. ஒரு வாரத்துல பார்வை வந்துருச்சு. மூளை வீங்குனா சரியாகுமா? திரும்ப வருமா? ஃபிட்ஸ் மாத்திரை ஆயுசுக்குமா?

பதில்: அவ கண்ணுல எந்தக் கோளாறும் இருந்திருக்காதும்மா. பாத்தத புரிஞ்சுக்கிற இடம் மூளையோட பின்பக்கம் இருக்கு, அங்கதான் நீர் கோத்துக்கிச்சு. பிரஷர் ஏறுனா மூளையோட ரத்தக்குழாய் தானா சுருங்கி தாங்கிக்கும், ஒரு அளவுக்கு மேல போனா முடியாம விட்டுடும், ரத்தத்துல இருக்கற நீர் வெளில கசியும், பின்பக்கக் குழாய்களுக்கு இந்தக் காவல் கம்மி, லூபஸ்காரங்களுக்கு குழாயோட உள்சுவரே ஏற்கனவே புண்பட்டிருக்கும் வேற. செவுத்துல ஓதம் ஏறுன மாதிரின்னு வச்சுக்கங்க, செவுரு இடியல, காஞ்சா சரியாயிடும். ஆனா 'பிரெஸ்'ங்கிற பேர்லயே 'ரிவர்சிபிள்', அதாவது பழையபடி சரியாகக்கூடியதுன்னு இருக்குன்னு அசால்ட்டா இருந்தா ரத்தக்கசிவு ஆகி நிரந்தர பாதிப்பும் வரலாம்.

1996ல 15 நோயாளிகள வச்சுதான் இத தனியா அடையாளம் காட்டுனாங்க. லூபஸ்ல பெரிய குழப்பம் என்னன்னா, லூபஸே மூளையத் தாக்குனாலும் இப்படித்தான் ஃபிட்ஸ் வரும், அதுக்கு ஸ்டீராய்ட கூட்டணும், இதுக்கு முதல் வைத்தியம் பிரஷர இறக்குறது, அதையும் தடாலடியா இல்ல, முதல் சில மணி நேரத்துல கால்வாசிக்கு மேல இறக்க மாட்டோம். சிடி ஸ்கேன்ல இது பல நேரம் தப்பிச்சுடும், எம்ஆர்ஐ எடுத்தது நல்லதா போச்சு. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாதிரி எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்தாலயும் இது வரும், அவ அதுல ஏதாவது சாப்பிடுறாளான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, லூபஸ் கிளம்பிடுச்சுன்னா அதவிட வம்பு.

சிலருக்கு திரும்ப வருது, முக்கியமா கிட்னியும் பிரஷரும் கைக்குள்ள இல்லாதவங்களுக்கு. ஃபிட்ஸ் மாத்திரை பெரும்பாலும் ஆயுசுக்கு தேவப்படாது, ஸ்கேன் சரியானதும் நரம்பு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார்.

என் கவலை அந்த வலி மாத்திரைதான். நிறைய வலி மாத்திரைங்க பிரஷரயும் ஏத்தும், கிட்னியயும் கெடுக்கும். அடுத்து தலைவலின்னு சொன்னா மாத்திரை டப்பாவ எடுக்காதீங்க, முதல்ல கைல பிரஷர் பட்டைய கட்டுங்க, வழக்கத்தவிட நல்லா ஏறியிருந்தாலோ கண்ணு மங்குதுன்னு சொன்னாலோ நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.