அப்பாவுக்கு பிபி ஏறி இறங்குதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ராயபுரத்துல இருக்க அப்பாவுக்கு ஒருநாள் 170 மறுநாள் 130னு காட்டுது, உடம்பு நல்லா இருந்தா மாத்திரைய விட்டுடறாரு, கிட்னிக்கு ஏதாவது ஆகுமான்னு கேட்டிருந்தீங்க. ஆகலாம் தம்பி, கிட்னில ரத்தத்த வடிகட்டுற குழாய்ங்க ரொம்ப மெல்லிசு, பிரஷர் இப்டி ஏறி ஏறி இறங்குறவங்களுக்கு கிட்னி கெடுற சான்ஸ் கூடன்னு ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க, வலியும் தெரியாது.

எங்கம்மா காசிமேட்டுல இப்டித்தான், தலை சுத்துனாதான் பிபி மாத்திரை, மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபினாக் (அது பிபியையும் ஏத்தும் கிட்னியையும் கெடுக்கும்), சோத்துக்கு தினம் கருவாடு. ஒன்னுக்கு போனா நுரை அடங்காம நிக்கும், நாங்க கண்டுக்கவே இல்ல, அது இன்னிக்கும் மனச அறுக்குது.

அதனால ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் ரத்தத்துல கிரியாட்டினினும் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு) யூரின்ல அல்புமினும் (கிட்னி கெட்டா ஒன்னுக்குல ஒழுகுற புரதம், நுரை அதனாலயும் வரும்) பாருங்க. கிரியாட்டினின் நார்மல்னு மட்டும் விட்டுடாதீங்க, நிறைய பேருக்கு அல்புமின்தான் முன்னாடியே காட்டிக்குடுக்கும்.

வீட்ல பாக்கும்போது டீ குடிச்சு அரைமணி போகட்டும், 5 நிமிஷம் சாஞ்சு உக்காரவச்சு, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், 1 நிமிஷம் விட்டு ரெண்டு தடவ, காலைலயும் சாயங்காலமும் 7 நாள் எழுதி அந்த நோட்ட டாக்டர்ட்ட குடுங்க. மாத்திரைய நிறுத்தறதோ குறைக்கறதோ அவர் சொல்லட்டும்.